நாதத்தின் நிறமாற்றம்

1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலிருந்து ‘ஆசிட் டிராக்ஸ்’ என்னும் பெயருடன் வெளிவந்த இசைத்தட்டை, சங்கீதப் பயிற்சியுடைய ஒருவர் காகிதமும் எழுதுகோலும் கொண்டு ஸ்வரப்படுத்த முற்படுவாராயின், அவருடைய வேலை ஒரே வரியில் முடிந்துவிடும். பதினொரு நிமிஷத்துக்கு மேல் ஓடும் அந்தப் படைப்பில் பல்லவியும் இல்லை, சரணமும் இல்லை. ராக விஸ்தாரமும் இல்லை. சம இடைவெளியில் விழும் முரசடியின்மேல், கீழ் ஸ்தாயியில் அமைந்த சில ஸ்வரங்களின் சிறு கோவை ஒன்று தொடக்கம் முதல் முடிவுவரை திரும்பத் திரும்ப வருகிறது. ஆயினும் அதைச் செவிமடுத்த எவரும் அது மாறாமல் நிற்கிறது என்று சொல்லமாட்டார். அதே கோவை ஒரு சமயம் மந்தமாக முனகுகிறது. சிறிது நேரத்தில் அதன் விளிம்புகள் கூர்மையடைகின்றன. பின்னர் காதைத் துளைக்கும் கீச்சொலியாக எழுந்து, மறுபடியும் அடியாழத்துக்குச் சென்று ஒடுங்குகிறது. ஸ்வரம் அசையாது நிற்க, அங்கே அசைவது எது என்னும் வினாவே இவ்வத்தியாயத்தின் பொருள்.

அந்த ஒலியைத் தந்த யந்திரம் இக்காரியத்துக்கென்று செய்யப்பட்டதன்று. இகுடாரோ ககேஹாஷி என்பவர் 1972இல் ஜப்பானின் ஒஸாகா நகரில் நிறுவிய ரோலண்ட் கம்பெனி, தனியே அமர்ந்து கிதார் பயில்வோருக்குத் துணையாக, உடன் வாசிக்க ஆளில்லாத பேஸ் கிதாரின் ஸ்தானத்தை நிரப்பும் நோக்கத்துடன், 1981இல் டிபி-303 என்ற சிறு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் தடாவோ கிகுமோடோ என்னும் பொறியியலாளர். ஆனால் பேஸ் கிதாரின் கனத்த தந்தியில் பிறக்கும் நாதத்துக்கும் இப்பெட்டியின் ஒலிக்கும் ஒப்புமை மிகக் குறைவாக இருந்தது. போதாக்குறைக்கு, ஸ்வரங்களை ஒரு முறையும் அவற்றின் கால அளவுகளை வேறொரு முறையுமாகத் தனித்தனியே பதிக்கவேண்டியிருந்தமையால், வாங்கியவர்கள் அதை இயக்கும் வகையறியாது திகைத்தனர். ஏறத்தாழ 10,000 பெட்டிகள் செய்யப்பட்ட பின், 1984இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. விற்றவையும் பழைய சாமான் கடைகளை வந்தடைந்து அற்ப விலைக்குக் கிடைக்கலாயின.

அவ்வாறு வந்த ஒரு பெட்டிதான் சிக்காகோவில் ‘ஸ்பாங்கி’ என்று அழைக்கப்பட்ட ஏர்ல் ஸ்மித்தின் கைக்குக் கிடைத்தது. அவரும், பின்னாளில் டி.ஜே. பியர் என்ற பெயரால் புகழ்பெற்ற நதானியல் பியர் ஜோன்ஸும், ஹெர்பர்ட் ஜாக்ஸனும் சேர்ந்து ‘ஃப்யூச்சர்’ என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டவர்கள். 1985இல் ஒரு நாள், பெட்டி ஒரு கோவையைத் தானாக ஓட்டிக்கொண்டிருக்கையில், பியர் அதன் திருகுகளைத் திருகத் தொடங்கினார். ஒருமுறை பொருத்திவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டியவை என்று வடிவமைத்தவர் கருதியிருக்கக்கூடிய திருகுகள் அவை. அவற்றை வாசிப்புக்குரிய உறுப்புக்களாகவே அந்த இளைஞர் கையாண்டார். இசை வரலாற்றில் இது மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஏனெனில், அந்தத் திருகுகள் கட்டுப்படுத்துவது ஸ்வரத்தை அன்று, ஸ்வரத்துக்குள்ளே மறைந்திருக்கும் ஸ்வரங்களை.

எத்தகைய சிக்கலான அலையாயினும், அது ஒழுங்காகத் திரும்பி வருவதாயின், அதனை எளிய அலைகள் பலவற்றின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்பது 1822இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே வெளியிட்ட ஆராய்ச்சியின் அடிப்படை. வெப்பம் பரவும் விதத்தை விளக்க எழுந்த அக்கணிதம், ஒலியின் இயல்புக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. டிபி-303இன் உள்ளே ஒரு மின்தேக்கி மெல்ல மெல்ல மின்னேற்றம் பெற்று, ஓர் எல்லையை அடைந்தவுடன் சட்டென்று மின்னிழந்து, மறுபடியும் ஏறத் தொடங்குகிறது; இந்த ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் வரைந்து பார்த்தால் ரம்பத்தின் பற்கள் போலத் தோன்றுவதால், அதற்கு ரம்பப்பல் அலை என்று பெயர். விநாடிக்கு 55 முறை அவ்வாறு நிகழுமாயின், நமக்குக் கேட்பது 55 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுடைய ஆழ்ந்த ஸ்வரம். ஆனால் அந்த ஒரு ஸ்வரத்தோடு 110, 165, 220, 275 என்று அதன் மடங்குகளான மேற்சுரங்கள் யாவும் கூடவே ஒலிக்கின்றன. இரண்டாவதன் வலிமை முதலாவதில் பாதி, மூன்றாவதன் வலிமை மூன்றில் ஒரு பங்கு, பத்தாவதன் வலிமை பத்தில் ஒரு பங்கு என்ற கிரமத்தில் அவை படிப்படியாகத் தேய்ந்துகொண்டே மேலே செல்கின்றன. நம் செவி இவற்றைத் தனித்தனியே எண்ணிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி, இது இன்ன நாதம் என்று அதன் குணத்தை மட்டும் மனத்துக்கு அறிவிக்கிறது. வீணையையும் புல்லாங்குழலையும் ஒரே ஸ்வரத்தில் கேட்டாலும் வேறு வேறாக நாம் அறிவது இந்தக் குணத்தாலேயே.

ரம்பப்பல் அலையில் மேற்சுரங்கள் இவ்வளவு நிறைந்திருப்பதனால், அதிலிருந்து வேண்டாதவற்றை நீக்கி வேண்டும் நாதத்தைச் செதுக்குவது சாத்தியமாகிறது. அதற்கான சாதனம் வடிகட்டி. குறிப்பிட்ட ஓர் எல்லைக்குக் கீழேயுள்ள அதிர்வுகளைத் தடையின்றி அனுப்பி, மேலேயுள்ளவற்றை அடக்கிவிடுவது அதன் தொழில். அவ்வெல்லை எங்கே நிற்கவேண்டும் என்பதைத்தான் முதல் திருகு தீர்மானிக்கிறது. எல்லை 100 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டால் அடிப்படை அதிர்வு ஒன்றே எஞ்சி, நாதம் போர்வைக்குள் அடைபட்டதாகிறது. 3,000 ஹெர்ட்ஸுக்கு ஏறினால் ஐம்பதுக்கு மேற்பட்ட மேற்சுரங்கள் வெளிப்பட்டு, அதே ஸ்வரம் பளபளக்கிறது. அமெரிக்கரான ராபர்ட் மூக் 1960களில் டிரான்சிஸ்டர்களை ஏணிப்படிகளைப் போல அடுக்கி இத்தகைய வடிகட்டியொன்றை உருவாக்கி, 1969இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். டிபி-303இல் அவ்வேணியின் படிகள் டயோடுகளால் ஆனவை.

இரண்டாவது திருகுதான் இவ்வொலிக்கு உயிர் கொடுப்பது. வடிகட்டியிலிருந்து வெளிவரும் ஒலியில் ஒரு பகுதியை மறுபடியும் அதன் வாயிலுக்கே திருப்பி அனுப்பினால், எல்லையை ஒட்டிய அதிர்வுகள் மாத்திரம் தம்மைத் தாமே பெருக்கிக்கொண்டு தலைதூக்குகின்றன. இதை அனுநாதம் என்கிறோம். திருப்பி அனுப்பும் அளவைக் கூட்டக் கூட்ட, எல்லையின் ஓரத்தில் ஒரு சிகரம் எழுகிறது. இப்போது ஒரு கையால் எல்லையை மெல்ல உயர்த்தினால், அச்சிகரம் ஒவ்வொரு மேற்சுரத்தின்மீதும் வரிசையாக ஏறி இறங்கிச் செல்லும். செல்லும்போது, கூட்டத்தில் மறைந்திருந்த நான்காவது மேற்சுரமும், ஐந்தாவதும், ஆறாவதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்துத் தெரியும். அவற்றின் விகிதம் 4:5:6; நம் சங்கீதப் பரிபாஷையில் ஷட்ஜமும் அந்தர காந்தாரமும் பஞ்சமமும். யாரும் வாசிக்காத ஒரு ஸ்வர வரிசை, வாசிக்கப்பட்ட ஒற்றை ஸ்வரத்தின் வயிற்றிலிருந்து இவ்வாறு வெளிப்படுகிறது.

தம்புராவின் நிழலில் வளர்ந்த நமக்கு இது அந்நியமான அநுபவமாகாது. சுருதி செம்மையாகச் சேர்ந்த தம்புராவில், எந்தத் தந்திக்கும் வைக்கப்படாத காந்தாரம் தானே எழுவதைச் சங்கீத வித்துவான்கள் சுயம்பு காந்தாரம் என்று போற்றிவந்திருக்கின்றனர். அது ஐந்தாவது மேற்சுரமேயன்றி வேறன்று. குதிரையின்மேல் தந்திக்கு அடியில் செருகப்படும் நூலிழை, தந்தியின் அதிர்வைத் தொடுவதும் விடுவதுமாக இடையறாது குறுக்கிட்டு, மேற்சுரங்களைக் கிளறி விடுகிறது. 1921இல் சர் சி. வி. ராமன் தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், மீட்டும் இடத்தில் எந்த மேற்சுரத்துக்குக் கணு அமைகிறதோ அந்த மேற்சுரம் ஒலிக்கலாகாது என்று விஞ்ஞானிகள் நம்பிவந்த விதியை இவ்விரு வாத்தியங்களும் மீறுகின்றன என்பதை எடுத்துக்காட்டி, வளைந்த குதிரையின் அமைப்பே அதற்குக் காரணம் என்று விளக்கினார். நூலிழை செய்வதை டயோடு ஏணி வேறு வழியில் செய்கிறது. இரண்டிலும் செவி அநுபவிப்பது மேற்சுரங்களின் சஞ்சாரம்.

இந்தச் சிகரத்தின் நகர்வு மனிதக் குரலை நினைவூட்டுவதற்கும் தக்க காரணம் உண்டு. நம் குரல்வளையில் பிறக்கும் ஒலியும் மேற்சுரங்கள் செறிந்ததே. வாயையும் நாக்கையும் உதட்டையும் மாற்றி மாற்றி அமைப்பதனால் வாய்க்குள்ளே அனுநாதச் சிகரங்கள் இடம் மாறுகின்றன. அவ்விட மாற்றமே உயிரெழுத்துக்களின் வேறுபாடு. ‘உ’ என்னும்போது வலிமை கீழேயே தங்கிவிடுகிறது. ‘ஆ’ என்னும்போது 700 ஹெர்ட்ஸையும் 1,100 ஹெர்ட்ஸையும் ஒட்டிச் சிகரங்கள் எழுகின்றன. ‘ஈ’ என்னும்போது ஒரு சிகரம் 2,000 ஹெர்ட்ஸுக்கும் அப்பால் சென்றுவிடுகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட தம் மகத்தான நூலில் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பிறந்த நாள்முதல் இச்சிகரங்களின் அசைவைப் பின்தொடர்ந்தே மொழியைக் கற்ற நம் செவி, ஒரு யந்திரம் அவ்வாறு சிகரத்தை அசைக்கும்போது, அது ஏதோ பேச முயல்கிறது என்று தன்னையறியாமலே கவனங்கொள்கிறது.

கிகுமோடோவின் பெட்டியில் மேலும் இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லுமாறு பதித்தால், இடைவெளி சிறிதாயினும் பெரிதாயினும் அது ஏறக்குறைய ஒரே கால அளவில், விநாடியில் நூற்றில் ஆறு பங்கு நேரத்தில், போய்ச் சேர்கிறது. ஆகவே அரை ஸ்வரத் தூரம் சோம்பலாகவும், ஒரு ஸ்தாயித் தூரம் பாய்ச்சலாகவும் தோன்றுகின்றன. மற்றொன்று அழுத்தம். அழுத்தம் குறிக்கப்பட்ட ஸ்வரம் வெறுமனே உரத்து ஒலிப்பதோடு நிற்பதில்லை; அது ஒரு மின்தேக்கிக்கு மின்னேற்றி, வடிகட்டியின் எல்லையையும் மேலே தள்ளுகிறது. அம்மின்தேக்கி முழுதும் வடிவதற்குள் அடுத்த அழுத்தம் வந்துவிட்டால், எல்லை முன்னைவிட உயரே செல்லும். மூன்றாவது வந்தால் இன்னும் உயரே. பதினாறு படிகள் கொண்ட ஒரு கோவையில் அழுத்தங்கள் எங்கெங்கே நெருங்கியும் எங்கெங்கே விலகியும் இருக்கின்றன என்பதைப் பொறுத்து, ஒவ்வொரு படியும் முந்திய படிகளின் ஞாபகத்தைச் சுமந்துகொண்டு ஒலிக்கிறது. இந்த ஞாபகம்தான் கோவைக்கு நடையைத் தருகிறது.

வழுக்கிச் செல்லும் இந்த இயல்பு இந்திய ராகங்களுக்கு உகந்தது என்பதைச் சிக்காகோவுக்கும் முன்பே கண்டுகொண்டவர் ஒருவர் உண்டு. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், டிபி-303ஐயும் அதே கம்பெனியின் டிஆர்-808 தாள யந்திரத்தையும் ஜுபிடர்-8 சிந்தசைசரையும் கொண்டு, பத்து ஹிந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து 1982இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். யமனும் லலித்தும் மால்கௌன்ஸும் அதில் இடம்பெறுகின்றன. அன்று கவனிப்பாரற்றுப் போன அத்தட்டு, 2010இல் மறுபதிப்பாக வந்த பிறகே உலகத்தாரை வியப்பில் ஆழ்த்தியது. சிக்காகோவின் இளைஞர்கள் அடைந்த ஒலியைப் பெரிதும் ஒத்த ஓர் ஒலியை அவர் தம் சொந்தப் பாதையில் அடைந்திருந்தார். அவர் தேடியது கமகத்தை, அவர்கள் தேடியது நாட்டியத்தை. 2015இல் அவர் காலமாகும் முன்பு, முதிர்ந்த வயதில், ஐரோப்பிய மேடைகளில் அதனை வாசித்துக் கைதட்டல் பெற்றார் என்பது மனத்துக்கு நிறைவு தரும் செய்தி.

இனி, ஒரே கோவையை ஏன் இத்தனை நேரம் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்? ‘ஆசிட் டிராக்ஸ்’ இசைத்தட்டாக வெளிவருமுன், ஃப்யூச்சர் குழுவினர் அதன் ஒலிநாடாவைச் சிக்காகோவின் ‘மியூசிக் பாக்ஸ்’ நடன அரங்கில் தட்டுச் சுழற்றிவந்த ரான் ஹார்டியிடம் கொடுத்தனர். அவர் அதை ஒரே இரவில் நான்கு முறை ஒலிபரப்பினார் என்றும், முதன்முறை கேட்டவுடன் ஆடுதளத்தைவிட்டு ஜனங்கள் விலகிச் சென்றனர் என்றும், நான்காம் முறைக்குள் அவர்களே மெய்ம்மறந்து ஆடினர் என்றும் பியர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இதை வெறும் ரசனை மாற்றமாக நான் கருதவில்லை. ஒரு பேச்சுத் துணுக்கை அப்படியே திரும்பத் திரும்பக் கேட்டால், சற்று நேரத்தில் அது பாட்டாகவே கேட்கத் தொடங்கும் என்பதை டயானா டாய்ச் என்னும் மனோதத்துவ அறிஞர் 1995இல் தற்செயலாகக் கண்டுபிடித்தார்; சொல்லின் பொருள் தெரிந்தவுடன் மனம் அதனின்று விடுபட்டு, இதுவரை பாராதிருந்த ஒலியின் நெளிவுகளில் படிகிறது. ஸ்வரங்கள் மாறிக்கொண்டேயிருக்கும் சங்கீதத்தில் அடுத்தது என்ன என்று எதிர்பார்ப்பதிலேயே மனத்தின் பெரும்பகுதி செலவாகிவிடும். ஸ்வரங்கள் உறுதியாக நிற்கும் இடத்தில்தான் நாதத்தின் நிறமாற்றத்துக்கு முழுக் கவனமும் கிடைக்கிறது. ஆகவே, இவ்விசையை ஒரே மாதிரியானது என்று ஒதுக்குவோர், அசையாத பகுதியைக் கேட்டுவிட்டு அசையும் பகுதியைக் கேளாது போனவர்கள்.

அந்தக் குற்றச்சாட்டு பிரிட்டனில் சட்டமாகவும் வடிவெடுத்தது. 1994ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், திறந்தவெளியில் இரவு நேரத்தில் கூடி ஆடும் கூட்டங்களைக் கலைக்கப் போலீஸாருக்கு அதிகாரமளிக்கும் பிரிவில், அடுத்தடுத்து மீண்டும் மீண்டும் வரும் தாள ஒலிகளை இசையின் இலக்கணத்தில் சேர்த்தது. அவ்வாண்டிலேயே ‘ஆட்டெக்கர்’ என்னும் குழுவினர் எந்தத் தாள வட்டமும் திரும்பி வராத ஒரு படைப்பை வெளியிட்டு அதற்குத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தனர்.

சிக்காகோவில் பிறந்த ஆசிட் ஒலி, ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் முதலியோர் டிட்ராய்ட்டில் உருவாக்கிய டெக்னோவுடன் கலந்தபோதுதான் அதன் இருண்ட முகம் துலங்கியது. டிட்ராய்ட்டிலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் கனடாவின் விண்ட்சர் பகுதியில் வளர்ந்த ரிச்சி ஹாட்டின், ‘பிளாஸ்டிக்மேன்’ என்ற பெயரில் 1993இல் வெளியிட்ட ‘ஷீட் ஒன்’ தொகுப்பில், டிபி-303இன் கீச்சொலியைப் பெரும்பாலும் அடக்கி, அதன் அடித்தொனியை ஏராளமான மௌனத்தின் நடுவே ஊரவிட்டார். ஜெர்மனியில் ‘ஹார்ட்ஃப்ளோர்’ என்னும் இருவர் 1992இல் வெளியிட்ட ‘அக்பீரியன்ஸ் 1’, பல டிபி-303களைப் பின்னிப் பின்னி மெல்ல மெல்ல உச்சத்துக்கு ஏற்றிச் செல்வது. இரண்டும் உயர்ந்த படைப்புக்களே; ஆயினும் முன்னதன் அடக்கத்தையே நான் அதிகம் மதிக்கிறேன்.

இருள் என்று நாம் உணர்வதற்கும் பௌதிக ரீதியான ஆதாரம் உண்டு. வடிகட்டியின் எல்லை தாழ்ந்திருக்கையில் மேற்சுரங்கள் மறைவதால் ஒலியின் மூலம் தொலைவிலோ சுவருக்கு அப்பாலோ இருப்பதாகச் செவி ஊகிக்கிறது. அதனோடு, ஆதார ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் மேலேயுள்ள சுத்த ரிஷபத்தை இத்தகைய கோவைகள் அடிக்கடி தொட்டு மீள்கின்றன. 55 ஹெர்ட்ஸுக்கு அடுத்த அந்த ஸ்வரம் சுமார் 58 ஹெர்ட்ஸ். கட்டடத்தின் எதிரொலியில் முன்னது அடங்குமுன் பின்னது வந்து கலக்கும்போது, விநாடிக்கு மூன்று முறை ஒலி விம்மி விம்மி அடங்கும். 1991 மார்ச் மாதத்தில் பெர்லினில், சுவர் இடிந்து ஒன்றரை ஆண்டுக்குள், லைப்ஸிகர் தெருவில் இருந்த பழைய வெர்தைம் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் ‘ட்ரெஸார்’ என்னும் நடன அரங்கு திறக்கப்பட்டது. அத்தகைய பெட்டகத்தின் கனத்த கான்கிரீட் சுவர், தன்மீது மோதும் தாழ்ந்த ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கை மட்டுமே விழுங்குகிறது. எஞ்சியதெல்லாம் அறைக்கே திரும்புகிறது. இன்றைய கலைஞர்கள் முரசடிக்குச் செயற்கையாக எதிரொலி சேர்த்து, அதன் மேற்பகுதியை வடிகட்டி நீக்கி, அடுத்த அடி விழும் கணத்தில் மட்டும் அதைத் தணித்து, அடிகளுக்கிடையே உறுமல் ஒன்றை ஓடவிடுவது, அத்தகைய அறைகளின் குணத்தை இசைக்குள்ளேயே பிடித்துவைக்கும் உபாயம். 2024இல் ஜெர்மனி தன் தேசிய மரபுரிமைப் பட்டியலில் பெர்லினின் டெக்னோ கலாசாரத்தைச் சேர்த்துக்கொண்டது நியாயமான காரியம்.

இவ்வளவும் செவியைப் பற்றியது, ஆடுவதோ உடம்பு. நிமிஷத்துக்கு 130 அடிகள் என்னும் வேகத்தில் அடிக்கு அடி அரை விநாடிக்கும் சற்றுக் குறைவு. மனிதன் இயல்பாக நடக்கும்போது விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு காலடிகள் வைக்கிறான் என்பதோடு இது ஒட்டி நிற்கிறது. அசையாமல் படுத்திருந்து தாளத்தைக் கேட்பவரின் மூளையிலும், இயக்கத்தைத் திட்டமிடும் பகுதிகள் தொழிற்படுகின்றன என்பதை ஜெசிகா கிரான், மேத்யூ பிரெட் ஆகியோர் 2007இல் காட்டியுள்ளனர். உரத்த தாழ்சுரங்களுக்கு உட்செவியில் சமநிலையைக் காக்கும் உறுப்பும் விழித்துக்கொள்கிறது என்று 2000இல் டாட், கோடி என்னும் ஆராய்ச்சியாளர்கள் கண்டனர்.

இவற்றிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ‘ஆர்ஃபெக்ஸ்’ என்னும் இருவர் குழுவின் டெக்னோ கச்சேரியை அங்குள்ள ஆராய்ச்சி அரங்கிலேயே நடத்தி, வந்திருந்த ரசிகர்களில் சிலரின் தலையில் அசைவை அளக்கும் பட்டைகளை அணிவித்து, 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையுள்ள மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் பெருக்கிகளை இரண்டரை நிமிஷத்துக்கு ஒருமுறை இயக்கியும் நிறுத்தியும் வந்தனர். டேனியல் கேமரானும் அவருடைய சகாக்களும் 2022இல் வெளியிட்ட முடிவின்படி, அப்பெருக்கிகள் இயங்கிய வேளைகளில் ரசிகர்களின் அசைவு சராசரி 11.8 சதவீதம் அதிகமாயிருந்தது. அவ்வொலி எப்போது வந்தது, எப்போது நின்றது என்பதை அவர்கள் உணரவேயில்லை. அறிவுக்கு எட்டாமலே தோலின் வழியாகவும் சமநிலை உறுப்பின் வழியாகவும் உடம்பை வந்தடையும் இசை ஒன்று உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் வேண்டுவதில்லை.

இவ்விசையை நேசிப்பவர்கள் தங்கள் செவியையும் நேசிக்கவேண்டும். 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கும் செவி, ஒவ்வொரு மூன்று டெசிபெல் உயர்வுக்கும் அதில் பாதி நேரமே தாங்கும் என்ற கணக்குப்படி, 100 டெசிபெல்லை அது ஒரு நாளில் பதினைந்து நிமிஷமே பத்திரமாகத் தாங்கும். நடன அரங்குகளிலோ இரவு முழுவதும் அந்த அளவு நீடிப்பது சாதாரணம். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த நியமம், அரங்கின் சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டலாகாது என்றும், காதடைப்பான்களும் சற்று அமைதியாக அமர ஓரிடமும் அங்கே கிடைக்கவேண்டும் என்றும் கேட்கிறது. மிகை ஒலியால் நேரும் கேடு முதலில் தோன்றுவது 3,000 ஹெர்ட்ஸுக்கும் 6,000 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட பகுதியில். முரசடி அப்போதும் குறைவின்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதால் இழப்பு உடனே தெரிவதில்லை. ஆனால் வடிகட்டியின் சிகரம் தன் உச்சத்துக்கு ஏறும்போது மேற்சுரங்கள் சென்று ஒலிக்கும் பகுதி அதுவே.